பழி புற்றின் மேல், தின்றது வேறு: கெலுகோர் வீடொன்றில் கரையான் – ஒரு நிகழ்வு ஆய்வு

வீடு பினாங்குத் தீவில், கெலுகோரில் இருக்கிறது. 1980-களில் கட்டிய இரட்டை மாடி வரிசை வீடு. வரிசையின் கடைசி என்பதால் பக்கவாட்டிலும் பின்னாலும் கொஞ்சம் மண் தரை உண்டு. எனக்கு மாமா, அத்தை முறையாகும் இருவர் அங்கே குடியிருக்கிறார்கள். மாமா பட்டர்வொர்த் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். மகனுக்கு பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை. 90-களின் நடுவில் பின்பக்கம் சமையலறையை நீட்டிக் கட்டினார்கள். வரிசை வீடு வாங்கிய பலரும் செய்கிற காரியம்தான், ஆனால் இந்த வீட்டின் தொல்லை முழுவதும் அந்த நீட்டலில்தான் உட்கார்ந்திருந்தது.

பின்வேலி ஓரத்தில் முழங்கால் உயரத்துக்கு ஒரு புற்று. அத்தை வெள்ளிக்கிழமைகளில் அதற்கு மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு கிண்ணத்தில் பால் வைப்பார். இந்தப் புற்றை வைத்துத்தான் குடும்பத்துக்குள் சண்டை வந்தது. கட்டடப் பராமரிப்பு வேலையில் இருப்பவன் என்பதால் பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டார்கள்.

கூப்பிடும்வரை நடந்தவை

பினாங்கில் செப்டம்பர், அக்டோபர் நல்ல மழை மாதங்கள். அப்படி ஒரு மழை ஓய்ந்த சாயங்காலம், விளக்கு வைக்கும் நேரத்தில், சமையலறை டியூப் லைட்டைச் சுற்றி ஈசல் மொய்த்தது. அத்தை விளக்கை அணைத்துவிட்டு, மறுநாள் காலையில் இறக்கைகளைக் கூட்டி அள்ளிக் கொட்டினார். மழைக்காலத்தில் ஈசல் வருவது புதிதா என்ன? ஆனால் அன்று மழைச்சாரலுக்காக ஜன்னல், பின்கதவு எல்லாம் சாத்தியிருந்தது என்பதை நான் கேட்டபோதுதான் சொன்னார். சாத்திய அறைக்குள் ஈசல் பறந்தால் அது வெளியிலிருந்து விளக்கைத் தேடி வந்த ஈசல் இல்லை. வீட்டுக்குள்ளேயே கூடு இருக்கிறது என்று எடுத்துக்கொள்ள வேண்டும். கரையான் விஷயத்தில் இதைவிடத் தெளிவான முன்னறிவிப்பு கிடைக்காது, இதைப்போல வீணாகப் போகிற முன்னறிவிப்பும் கிடையாது.

அப்புறம் மாடிப்படிக்குக் கீழே இருந்த அலமாரி. ஏதோ தேடப்போன மகன், தன் பள்ளிச் சான்றிதழ்கள் இருந்த கோப்பை இழுத்தபோது பாதி மண்ணாக உதிர்ந்தது. பழைய கல்யாண ஆல்பம் ஒன்றும் போய்விட்டது. அலமாரிக்குப் பின்னால் தரையிலிருந்து பென்சில் தடிமனில் மண் குழாய் ஏறியிருந்தது. அவர் ஏரோசல் ஒரு டின்னைக் காலி செய்து, போதாக்குறைக்கு மண்ணெண்ணெயும் ஊற்றினார். குழாய் காய்ந்தது. எல்லாருக்கும் நிம்மதி.

சில மாதம் கழித்து மேல்மாடிப் படுக்கையறைக் கதவு நிலையில் பெயின்ட் கொப்பளித்திருந்தது. மாமா கட்டை விரலால் அழுத்தினார். விரல் உள்ளே போய்விட்டது.

ஏரோசலால் ஏன் நிற்கவில்லை என்று பலர் கேட்கிறார்கள். குழாயின் நுனியில் இருக்கும் சில நூறு பூச்சிகள் சாகும், அவ்வளவுதான். இந்த வீட்டைத் தின்ற வகைக் கரையானின் ஒரு கூட்டத்தில் சில லட்சம் இருக்கும். பத்து லட்சத்தைத் தாண்டுவதும் உண்டு. செத்தவை கிடக்கும் வழியை அவை மண் வைத்து அடைத்துவிட்டு வேறு இடுக்கு தேடும். ஓரிரு மில்லிமீட்டர் இடுக்கே அவற்றுக்கு ராஜபாட்டை. நமக்கு நஷ்டம் இரண்டு: கூட்டம் பிழைத்துவிட்டது, அது எந்த வழியாக வந்தது என்ற தடமும் அழிந்துவிட்டது.

இந்த நேரத்தில்தான் வீடு வீடாக வரும் பூச்சி மருந்துக் கம்பெனி விற்பனையாளர் ஒருவர் வந்தார். பின்னால் போய்ப் புற்றைப் பார்த்ததும் அவருக்கு வேலை சுலபமாகிவிட்டது. "அங்கிள், இதுதான் தாய்க்கூடு. ராணி உள்ளேதான் இருக்கு. இதை உடைச்சு மருந்து ஊத்தி, வீடு முழுக்கத் துளை போட்டு ஊசி அடிச்சா கதை முடிஞ்சுது." மாமா கையெழுத்துப் போடத் தயார். அத்தை வழியை மறித்துக்கொண்டார். "நான் இருக்கிற வரைக்கும் புத்துல யாரும் கை வைக்கக் கூடாது. உங்களுக்கு மரம் முக்கியம்னா வேற வீடு பாருங்க."

மாமாவுக்கு அது மூடநம்பிக்கை. எனக்கு அப்படிப் படவில்லை. அத்தை சொன்ன காரணம் வேறாக இருந்தாலும், அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடாமல் விட்டதுதான் இந்த வீட்டுக்கு நடந்த முதல் நல்ல காரியம்.

தின்றது யார்?

கருவி என்று பெரிதாக ஒன்றும் கொண்டுபோகவில்லை. டார்ச் லைட், ஸ்க்ரூடிரைவர், பல்குத்தும் குச்சி, ஒரு வெள்ளைத் தாள். ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் கதவு நிலைகளையும் கேபினெட் பலகைகளையும் தட்டிக்கொண்டே போனால் நல்ல மரம் 'டக்' என்று சத்தம் கொடுக்கும், தின்ற மரம் வெறும் காகிதத்தைத் தட்டியதுபோல் மந்தமாகக் கேட்கும். சமையலறைக்கும் பழைய வீட்டுக்கும் நடுவிலுள்ள கதவு நிலை அடியிலிருந்து தோள் உயரம் வரை மந்தம். பார்வைக்கு ஒரு குறையும் இல்லை. கரையான் பெயின்டையும் மேல் ஏட்டையும் தொடாது. வெளிச்சமும் காற்றும் பட்டால் அதன் மெல்லிய தோல் காய்ந்துபோகும்.

நிலையை ஒட்டிய சட்டத்தில் சிறு துண்டைப் பெயர்த்தேன். உள்ளே வெள்ளையாக ஊர்ந்தன. நாலைந்தைத் தாளில் தட்டி, மஞ்சள் தலை உள்ள ஒன்றைக் குச்சியால் தொட்டதும் அதன் நெற்றியிலிருந்து பால் போல ஒரு துளி வந்து நின்றது. சிப்பாய்க் கரையானின் தலை நீர்த்துளி வடிவம், தாடை மெல்லிய அரிவாள், தொட்டால் பால். மூன்றும் சேர்ந்தால் அது காப்டோடெர்மஸ் இனம். தீபகற்ப மலேசிய நகர வீடுகளைத் தின்பவற்றில் முதல் இடம் இந்த இனத்தின் காப்டோடெர்மஸ் ஜெஸ்ட்ராய் வகைக்குத்தான். பழைய கையேடுகளில் இதையே டிராவியன்ஸ் என்றும் ஹாவிலாண்டி என்றும் எழுதியிருப்பார்கள். கெப்போங்கிலுள்ள மலேசிய வன ஆராய்ச்சி நிலையத்தின் லாரன்ஸ் கெர்ட்டனும் இன்னொருவரும் 2003-ல் எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் இந்தப் பெயர்க் குழப்பம் தீர்ந்தது. பழைய தாளை வைத்துக்கொண்டு இரண்டு வேறு பூச்சி என்று யாராவது வாதாடினால் கண்டுகொள்ள வேண்டாம்.

அடுப்பு மேடைக்குப் பின்னால், துடைப்பம் எட்டாத இடத்தில் அக்டோபர் மாத இறக்கைகள் இன்னும் கிடந்தன. எல்லாம் ஒரே நீளம். இறக்கை முளைத்த எறும்பாக இருந்தால் முன் இறக்கை பெரிதாகவும் பின் இறக்கை சிறிதாகவும் இருக்கும். உடலே கிடைத்தால் இன்னும் எளிது: எறும்புக்கு இடுப்பு ஒட்டியிருக்கும், உணர்கொம்பு முழங்கையாக மடங்கியிருக்கும், ஈசலுக்கு இடுப்பே கிடையாது, உணர்கொம்பு நேராக, மணி கோத்த மாதிரி.

அடுத்தது புற்று. அத்தையிடம் அனுமதி கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார், கற்பூரம் காட்டினார், "ஓரத்துல மட்டும், கட்டை விரல் அளவு" என்றார். ஓரத்தில் அந்த அளவே பெயர்த்தேன். நொடியில் ஓட்டையைச் சுற்றிச் சிப்பாய்கள். பெரியது ஒன்று, சின்னது ஒன்று என்று இரண்டு அளவு; பெரியதன் தலை செம்பழுப்பு, கனமானது. குச்சியைக் கவ்விய ஒன்று விடவே இல்லை. பால் வரவில்லை. இது மேக்ரோடெர்மஸ் கில்வஸ், நம் தோட்டங்களில் மேடு கட்டும் கரையான். சருகையும் செத்த மரத்தையும் கொண்டுபோய்க் கூட்டுக்குள் பூஞ்சை வளர்த்துத் தின்கிற விவசாயி. மலாய்க்காரர்கள் செண்டாவான் பூசுட் என்று தேடிப் பறிக்கிற புற்றுக்காளான் இந்தக் குடும்பத்துப் புற்றுகளில்தான் முளைக்கிறது. வீட்டுப் பக்கமே வராத சாது என்று சொல்ல மாட்டேன். வேலிக்கட்டை, வாசல் நிலையின் அடிப்பகுதி வரை வந்து கடிக்கும். ஆனால் அன்று வீட்டுக்குள் நான் திறந்து பார்த்த எந்த இடத்திலும் இது இல்லை.

காப்டோடெர்மஸ் இங்கே மேடு கட்டாது. அதன் கூடு மண்ணுக்கடியில் இருக்கும், செத்த மரத்தின் அடிக்கட்டையில் இருக்கும், அல்லது கட்டடத்தின் பொந்துக்குள் இருக்கும். அப்படியானால் விற்பனையாளர் சொன்ன 'தாய்க்கூட்டை' உடைத்திருந்தால் நடந்திருப்பது இதுதான்: சம்பந்தமில்லாத ஒரு கூட்டம் அழிந்திருக்கும், அத்தை ஆயுசுக்கும் மன்னித்திருக்க மாட்டார், கதவு நிலையைத் தின்பவை தின்றுகொண்டே இருந்திருக்கும்.

கிளம்பும் நேரத்தில் மாமா இன்னொரு சாட்சியைக் காட்டினார். மகன் புதிதாக வாங்கிய சாப்பாட்டு மேசை நாற்காலிகளின் கீழே மாவு உதிர்ந்திருந்தது. "இங்கேயும் வந்துடுச்சு பாரு." தொட்டுப் பார்த்தால் கோதுமை மாவு போல் நைசாக இருந்தது, காலில் குண்டூசி முனை அளவு துளைகள். இது கரையானே இல்லை. ரப்பர் மரத்தின் மாவுச்சத்துக்கு வருகிற சின்ன வண்டு. மரம் உளுத்துப்போவது என்று நம் பெரியவர்கள் சொன்னது இதைத்தான். மருந்தேற்றாத மரத்தில் செய்த மலிவு நாற்காலியில் வரும். அந்த நாற்காலிகளைக் கடைக்காரர் மாற்றிக் கொடுத்தார், விஷயம் அத்தோடு முடிந்தது. மாவுக்குப் பதில் கசகசா போல் கெட்டியான உருண்டைகள் உதிர்ந்திருந்தால் உலர்மரக் கரையானைத் தேட வேண்டியிருந்திருக்கும். மண்ணோடு தொடர்பே இல்லாமல் ஒரே மரத்துண்டுக்குள் வாழ்வது அது. அந்த உருண்டையைப் பெரிதாக்கிப் பார்த்தால் ஆறு பட்டை தெரியும்.

தண்ணீர் எங்கே?

மண்கரையான் இருக்கிற இடத்தில் ஈரம் இருக்கும். அந்த ஈரத்தைக் கண்டுபிடிக்காமல் மருந்தைப் பற்றிப் பேசுவது வீண்செலவு என்பது என் கட்சி.

தாளில் வீட்டின் வரைபடத்தைக் கீறி, பாதித்த இடங்களைக் குறித்தோம். படிக்குக் கீழே அலமாரி. சமையலறைக் கதவு நிலை. மேல்மாடிப் படுக்கையறை நிலை. மூன்று மூலையில் மூன்று தொல்லை என்று வீட்டார் நினைத்துக்கொண்டிருந்தது, வரைபடத்தில் ஒரே கோட்டில் விழுந்தது. வீட்டின் பழைய பின்சுவர் அந்தக் கோடு. நீட்டிக் கட்டியபோது அது உள்சுவராகிவிட்டது, அதனால் யாரும் அதை வெளிச்சுவராக நினைப்பதில்லை.

அந்தச் சுவரின் தலையில் பழைய கூரையும் புதுக் கூரையும் சேர்கிற இடத்தில் மழைநீரை வாங்கி வடிக்கும் தகரத் தண்ணீர்த் தாரை ஓடுகிறது. ஏணி போட்டுப் பார்த்தால் இலைகள் அடைத்து, தகரம் துருப்பிடித்து, ஒரு மடிப்பில் ஓட்டை. மழை பெய்யும்போதெல்லாம் தண்ணீர் சுவருக்குள்ளேயே இறங்கியிருக்கிறது. மேல்மாடிச் சிலிங்கில் ஒரு தேநீர்க் கறை பல வருஷமாக இருந்ததாம். ஒவ்வொரு தீபாவளிக்கும் அதன் மேல் பெயின்ட் அடித்து வந்திருக்கிறார்கள்.

சுவரின் காலடியில் இன்னொரு கதை. நீட்டிக் கட்டுகிற சமையலறைக்கு அஸ்திவாரம் தனி. பழைய வீடு ஒரு கணக்கில் நிற்கும், புதியது வேறு கணக்கில் மெல்ல இறங்கும். இரண்டு கான்கிரீட் தளமும் சேரும் கோட்டில் இடைவெளி விழும். மேலே டைல்ஸ் ஒட்டியிருப்பதால் நமக்குத் தெரியாது, கீழே மண்ணில் இருப்பவைக்கு அது திறந்த கதவு. வீடு கட்டும்போது மண்ணுக்கு மருந்து தெளித்திருந்தாலும், பத்து வருஷத்துக்குப் பிறகு தோண்டிக் கட்டிய நீட்டலுக்கு அந்தக் காப்பு கிடையாது. நீட்டல் போட்ட காண்ட்ராக்டர் தனியாக மருந்து தெளித்தாரா என்று கேட்டேன். மாமா சிரித்தார்.

அந்தக் கோட்டை ஒட்டித்தான் கான்கிரீட் அடுப்பு மேடை. அந்தக் காலத்து மேடைகளுக்கு அடியில் செங்கல் வைத்துத் திண்டு கட்டி, உள்ளே இடிபாட்டைக் கொட்டி மேலே டைல்ஸ் ஒட்டிவிடுவார்கள். திண்டைத் தட்டினால் ஓரிடத்தில் வெறுமை கேட்டது. இதற்குள் முறையான உரிமம் உள்ள பூச்சிக் கட்டுப்பாட்டு நிறுவனம் ஒன்றிலிருந்து ஒரு தமிழ்ப் பையனை வரவழைத்திருந்தோம். அவர் ஈரமானியை வைத்துப் பார்த்தார், முள் எகிறியது. ஒரு டைலை மட்டும் கவனமாகப் பெயர்த்தோம். உள்ளே நீட்டல் கட்டியபோது கான்கிரீட் ஊற்ற வைத்த சாரப் பலகைகள், பிரிக்காமல் அப்படியே. அவற்றைச் சுற்றிக் கரும்பழுப்பில், துளை துளையாக, கரையான் தன் எச்சிலும் கழிவும் மென்ற மரமும் சேர்த்துக் கட்டிய கூடு. சிங்க்கின் கழிவுக் குழாய் இணைப்பு வேறு அதன் மேல் சொட்டிக்கொண்டிருந்தது. சாப்பாடு, தண்ணீர், இருட்டு, மூன்றையும் நாமே ஒரே பெட்டியில் வைத்து இருபது வருஷத்துக்கு மேல் மூடி வைத்திருக்கிறோம். பின்வேலிப் புற்று என்ன பாவம் செய்தது?

எந்த மருந்து, ஏன்

கூட்டைக் கண்ணால் பார்த்ததும் மகன் கடப்பாரையை எடுத்தார். பையன் தடுத்தார். "அண்ணே, இது ஒண்ணுதான் கூடுன்னு எப்படிச் சொல்றீங்க? கிளைக்கூடு மேல இருந்தா?"

சரியான கேள்வி. ஒரே கூட்டத்துக்குப் பல இடங்களில் கூடு இருக்கலாம். மேல்மாடிச் சுவரில் கூரைத் தண்ணீர் இறங்குவதால் அங்கே இருப்பவைக்கு மண் வரை இறங்கி வர வேண்டிய தேவையே இல்லை. அதனால்தான் வீடு முழுக்கத் தரையைத் துளைத்து மருந்து ஏற்றுகிற யோசனையையும் முதலில் ஒதுக்கினோம். சுவர் ஓரமாக ஏறக்குறைய 30 சென்டிமீட்டருக்கு ஒரு துளை போட்டு, ஃபிப்ரோனில் அல்லது இமிடாக்ளோப்ரிட் கரைசலைத் தளத்துக்குக் கீழே மண்ணில் ஏற்றுவார்கள். நல்ல முறைதான். இந்த மருந்துகளைக் கரையான் மோப்பம் பிடித்து விலகுவதில்லை. அதற்குள் நடந்து, உடம்பில் பூசிக்கொண்டு போய் மற்றவற்றுக்கும் ஒட்டவைக்கும். ஆனால் மண்ணைக் காக்கிற மருந்து, மண்ணுக்கே வராத மேல்மாடிக் கும்பலை என்ன செய்யும்? இன்னொன்று, மாமா முன்வாசலில் மீன் வளர்க்கிறார். ஃபிப்ரோனில் மீனுக்கு ஆகாது. வீட்டைச் சுற்றி ஓடும் லோங்காங்கில், அதாவது சாக்கடைக் கால்வாயில், கலந்தாலும் கடைசியில் கடலுக்குத்தான் போகும்.

மாமாவுக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. அவர் காலத்தில் மருந்து என்றால் வீடு முழுக்க நாறும், பல வருஷம் நிற்கும். அவர் சொன்னது குளோர்டேன் என்ற பழைய பூச்சி மருந்தின் காலத்தை. மண்ணிலும் உடலின் கொழுப்பிலும் தங்கிவிடுவதால், 2001-ல் ஏற்ற ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் ஒழிக்க வேண்டிய முதல் 12 நஞ்சுகளில் அதுவும் ஒன்றானது. நாற்றம் போனதே பெரிய லாபம்.

முடிவு இரை வைப்பது. குளோர்ஃப்ளுவாசுரான் 0.1 சதவீதம் கலந்த செல்லுலோஸ் தூளைத் தண்ணீரில் பிசைந்து, சின்னப் பெட்டிகளில் அடைத்து, கரையான் நடமாட்டம் உள்ள இடங்களிலேயே ஒட்டினார்கள்: அடுப்புத் திண்டின் திறப்பில் ஒன்று, சமையலறை நிலையில் ஒன்று, மேல்மாடி நிலையில் ஒன்று. இது நரம்பைத் தாக்கும் விஷம் இல்லை. பூச்சி வளர வளரத் தோல் உரிக்கும். புதுத் தோல் உருவாவதை இந்த மருந்து தடுக்கிறது. தின்றதும் சாகாது, அடுத்த முறை தோல் உரிக்கும்போதுதான் சாகும். அதுவரை தின்றதை வாய்க்கு வாய் மற்றவற்றுக்கு ஊட்டிக்கொண்டிருக்கும். காப்டோடெர்மஸ் ஜெஸ்ட்ராயின் நெருங்கிய சொந்தமான ஃபார்மோசா கரையானை வைத்து அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் செய்த ஆய்வில், வேலைக்காரக் கரையான்கள் தோல் உரிக்கக் கூட்டின் நடுப்பகுதிக்கே திரும்புவதைப் பார்த்திருக்கிறார்கள். அங்கே ராணியின் பக்கத்தில் பிணங்கள் குவிவது கூட்டத்துக்கே முடிவு.

இதே இரையைப் பின்வேலிப் புற்றுக்கு வைத்திருந்தால் பலன் சொற்பமாகத்தான் இருந்திருக்கும். பூஞ்சை வளர்க்கும் வகை இந்த இரைக்குச் சரியாக மசிவதில்லை. இனம் பார்க்காமல் மருந்து விற்பவர்கள் இதைச் சொல்வதில்லை.

ஆள் பிடிக்கும்போது கேட்க வேண்டியதை மட்டும் சொல்லிவிடுகிறேன். மலேசியாவில் இந்த வேலை 1974-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்துக்கும், அதன் கீழ் 2004-ல் வந்த விதிகளுக்கும் உட்பட்டது. நிறுவனத்துக்கு உரிமம் வேண்டும், மருந்து பூச்சிக்கொல்லி வாரியத்தில் பதிவானதாக இருக்க வேண்டும். உரிமத்தையும் மருந்துப் புட்டியின் லேபிளையும் காட்டச் சொன்னால் நல்ல நிறுவனம் முகம் சுளிக்காது. லேபிள் இல்லாத கேனில் வெள்ளைத் தண்ணீரோடு வருபவரை வாசலோடு அனுப்பிவிடலாம்.

காத்திருந்த காலம்

அத்தைக்குத்தான் கஷ்டம். பெட்டியின் மூடியைத் திறந்தால் கரையான் நிறைந்து வழிகிறது, அதற்குத் தீனி வேறு போடுகிறார்கள்.

"கண்ணெதிர்ல ஊருது தம்பி, சும்மா பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" என்று பையனைக் கேட்டார்.

"ஆன்ட்டி, நிறைய வந்தாதான் நமக்கு நல்லது. ஏரோசல் மட்டும் அடிச்சுடாதீங்க, பெட்டியை அடிக்கடி திறந்தும் பார்க்காதீங்க. தொந்தரவுன்னு தெரிஞ்சா போயிடும்."

இரண்டு வாரத்துக்கொரு முறை பையன் வந்து இரையை நிரப்பினார். முதலில் வேகமாகத் தீர்ந்தது. மேல்மாடிப் பெட்டியில் மட்டும் ஆரம்பத்தில் ஒன்றும் சேரவில்லை. சட்டத்தில் இன்னும் கொஞ்சம் பெயர்த்து இரை மரத்தோடு நேராக ஒட்டும்படி வைத்த பிறகுதான் ஏறியது. இரண்டாம் மாதத்தில் ஆட்டம் மாறியது. வேலைக்காரக் கரையான்கள் குறைந்து, பெட்டியில் எங்கு பார்த்தாலும் மஞ்சள் தலைச் சிப்பாய்கள். மிஞ்சிய வேலைக்காரக் கரையான்களின் வயிறு பளிங்குபோல் வெளுத்திருந்தது, நகர்வதில் சுறுசுறுப்பு இல்லை. சிப்பாய்க்குத் தானாகத் தின்னத் தெரியாது. ஊட்டுபவை செத்தால் அதுவும் சாகும். குழாயில் வேண்டுமென்றே கீறிவிட்ட ஓட்டையை யாரும் அடைக்கவில்லை. மூன்று மாதம் நெருங்கும்போது பெட்டிகளில் காய்ந்த இரையும் பூஞ்சையும்தான் இருந்தன.

அதற்குப் பிறகுதான் திண்டை உடைத்தோம். கூடு காலி. சாரப் பலகை எல்லாவற்றையும் இடிபாட்டோடு அள்ளி, சிங்க் குழாயை மாற்றி, இரண்டு தளமும் சேரும் கோட்டைத் திறந்து சுத்தம் செய்து, அந்தக் கோட்டில் மட்டும் மண்ணுக்கு மருந்து ஏற்றி அடைத்தார்கள். மீன் தொட்டி அந்த வாரம் பக்கத்து வீட்டில் இருந்தது. கூரையின் தகரத் தாரைக்கு அப்போதைக்கு ஒட்டுப் போட்டுத் தண்ணீரை நிறுத்தினோம்.

மர வேலை மருந்தைவிடப் பல மடங்கு இழுத்தது. வீட்டுக் காப்புறுதி இருக்கிறதே என்று மாமா நம்பியிருந்தார். பூச்சி அரித்த சேதத்தை வழக்கமான வீட்டுக் காப்புறுதிகள் ஏற்பதில்லை. சமையலறைக் கதவு நிலைக்கு இரும்புச் சட்டம், மேல்மாடிக் கதவு நிலைக்கு மருந்தேற்றிய மரம் என்று முடிவானது. செங்கால் என்ற கெட்டியான மரம் போடலாம் என்ற ஆசை விலையைக் கேட்டதும் போய்விட்டது. கேபினெட்டுக்கு இப்போது எல்லாரும் போடும் அலுமினியம்தான். அதற்கு எனக்கு ஆட்சேபம் இல்லை, ஆனால் கரையான் பயத்தில் அலுமினியம் போடுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: அது கேபினெட்டைக் காக்கும், அதன் பின்னாலுள்ள சுவரில் ஏறி மேல்மாடிக்குப் போவதை மறைக்கும். அத்தை வீட்டில் திண்டின் முகப்பில் ஒரு பலகையைத் திருகாணியில் கழற்றும்படி வைத்திருக்கிறோம், டார்ச் அடித்துப் பார்க்க.

அதற்குப் பிறகு

மறு வருஷம் ஏப்ரல் வாக்கில் ஒரு நாள் விடியற்காலை மகன் பதறிப்போய் அழைத்தார். ஷிப்ட் முடிந்து வந்தவர் வாசல் விளக்கைச் சுற்றி ஈசல் பறப்பதைப் பார்த்திருக்கிறார். படம் அனுப்பச் சொன்னேன். வீட்டுக்குள் ஒன்றும் இல்லை, வெளி விளக்கில் மட்டும்தான், முந்தைய வருஷத்து ஈசலைவிடப் பெரியவை. காப்டோடெர்மஸ் ஈசல் அந்தி கருக்கும்போது கிளம்பும். மேக்ரோடெர்மஸ் கில்வஸ் விடியுமுன் பறப்பதை அதே கெலுகோரிலுள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் கவனித்துப் பதிவு செய்திருக்கிறார்கள். நேரமும் இடமும் அளவும் ஒரே பக்கம் கை காட்டின. விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கப் போகச் சொன்னேன். அத்தையிடம் கேட்டால் புற்று அன்று நன்றாகத் திறந்திருந்தது என்று சொல்லியிருப்பார். காலையில் அவர்தான் முதலில் போய்ப் பார்த்தார்.

இதற்காகப் புற்றைப் பற்றி அலட்சியமாக இருக்கவில்லை. புற்றுக்கும் வீட்டுக்கும் நடுவில் கிடந்த பழைய பலகைகள், வெட்டிப்போட்ட மாமரக் கிளைகள் எல்லாவற்றையும் அப்புறப்படுத்தினோம். ஒரு கூட்டம் அழிந்த இடத்துக்கு வேறு இனம் வருவது உண்டு. வீட்டைச் சுற்றி மண்ணில் காவல் பெட்டிகள் புதைத்து, உள்ளே மருந்தில்லாத மரத்துண்டு வைத்திருக்கிறார்கள். ஏதாவது கடித்தால் முதலில் அது என்ன இனம் என்று பார்ப்பார்கள், அப்புறம்தான் மருந்து.

மீதி இருப்பது பக்கத்து வீடு. வரிசை வீட்டில் பழைய பின்சுவர் நம் வீட்டோடு நிற்பதில்லை, அடுத்த வீட்டுக்குள்ளும் அதே கோட்டில் போகிறது. அங்கேயும் அதே காண்ட்ராக்டர் கட்டிய நீட்டல், அதே தகரத் தாரை. வீட்டுக்காரர் கோலாலம்பூரில் இருக்கிறார், குடியிருப்பவர்கள் மாணவர்கள். அவர்களுடைய ஸ்டோர் அறையில் காய்ந்த மண் குழாய் ஒன்றைப் பையன் கண்டுபிடித்தார். அது செத்த கூட்டத்தின் பழைய வழியா, வேறு கூட்டமா என்று குழாயைப் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் அங்கேயும் இரண்டு காவல் பெட்டி வைத்திருக்கிறது. வீட்டுக்காரர் போனில் சம்மதம் சொன்னார், படங்களைப் பார்த்த பிறகு தாரையை முழுசாக மாற்ற ஆளுக்குப் பாதி போடவும் ஒப்புக்கொண்டார். தைப்பூசம் கழித்து, மழை குறைந்த சமயத்தில் அந்த வேலையைத் தொடங்குகிறோம்.